எடை முள் நிற்கும்போது: பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தேக்கம்

அக்காவுக்கு, எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்றாம் நாள். காலை ஆறு மணிக்கு போன் வந்தது. "அஞ்சு நாளா ஒரே நம்பர்டா. நூறு கிராம்கூட இறங்கல. இவ்வளவு செலவு பண்ணி, வயித்த வெட்டிக்கிட்டு, எல்லாம் வீணாப் போச்சா?" முதல் நாள் இரவு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அன்று காலை குடிக்க வேண்டிய புரோட்டீன் பானத்தையும் தொடவில்லை. "ரெண்டு நாள் வெறும் தண்ணியில இருந்தா திரும்ப இறங்க ஆரம்பிச்சிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த யோசனை ஆபத்தானது. ஆனாலும் சொன்னவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த விஷயத்தில் நாம் எல்லோருமே பொத்தாம்பொதுவாகத்தான் பேசுகிறோம். மூன்றாவது வாரத்தில் முள் நின்றாலும் "எடை நின்னுபோச்சு" என்கிறோம். எட்டாவது மாதத்தில் மெல்ல இறங்கினாலும் அதையேதான் சொல்கிறோம். இரண்டு வருடம் கழித்து ஓர் இடத்தில் நிலைத்தாலும் அதே பேச்சுதான். மூன்றும் வேறு வேறு. காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போடும்போதுதான் உடம்பு கெடுகிறது. மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் உண்மையில் எதை மாற்றுகிறது?

இந்த அறுவை சிகிச்சைகளில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவக் குழாயாகத் தைக்கிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு ஒரு நீளமான சுற்றுவழியைத் தவிர்த்துக் குறுக்கே போகிறது.

"வயிறு சின்னதாயிடுச்சு, அதனால கொஞ்சமா சாப்பிடுறாங்க" என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஹார்மோன்களில் இருக்கிறது. ஹார்மோன் என்றால் உடம்பின் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்கு ரத்தத்தின் வழியே போகும் சேதி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் வளைவில். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். இன்னொரு பக்கம், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட்டவுடன் முன்னைவிட அதிகமாகச் சுரக்கின்றன.

வீட்டு ஏசியை நினைத்துக்கொள்ளுங்கள். 24-ல் வைத்தால் அறை சூடாகும்போது ஓடும், குளிர்ந்ததும் நிற்கும். மூளையும் உடல் எடையை அப்படி ஓர் எண்ணில் பிடித்து வைக்கப் பார்க்கிறது. இதை நிலைப்புள்ளி என்பார்கள். பட்டினி கிடந்து இளைப்பது ஜன்னலைத் திறந்துவிட்டு அறையைக் குளிர வைப்பது போல. ரிமோட்டில் எண் மாறவில்லை, ஆகவே மூளை பசியைக் கூட்டிப் பழைய எடைக்கே இழுக்கும். ஆபரேஷன் அந்த எண்ணையே கீழே இறக்குகிறது. எவ்வளவு கீழே என்பது ஆளுக்கு ஆள் மாறும். பின்னால் வரும் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

மூன்றாவது வாரம்: ஊறிய அரிசி

அடுக்களையில் அன்றாடச் சமையலுக்கு அரிசி தூக்கு ஒன்று இருக்கும். வீட்டின் பின்கட்டில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். திடீரென்று கடைக்குப் போக முடியாமல் போனால் முதலில் காலியாவது தூக்குதான். மூட்டைக்குக் கை போவது பிறகு.

உடம்பிலும் இப்படி இரண்டு சேமிப்புகள். உடனடிச் செலவுக்கு ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, அதன் பெயர் கிளைக்கோஜன். நீண்ட காலத்துக்கு வைத்திருப்பது கொழுப்பு. கிளைக்கோஜனுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது ஊறவைத்த அரிசி மாதிரி, தண்ணீரோடு சேர்ந்தேதான் இருக்கும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர். உடம்பில் சுமார் 500 கிராம் கிளைக்கோஜன் என்று வைத்தால், தண்ணீரோடு சேர்த்து இரண்டு கிலோ.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம். இந்த அரிசித் தூக்கு காலியாகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய சலைன் தண்ணீரும் அதே நாட்களில் வெளியேறுகிறது. அதனால்தான் முதல் நாட்களில் கிலோ கிலோவாக இறங்குகிறது. அந்த வேகத்தைக் கொழுப்பு கரையும் வேகம் என்று நம்பிவிடுகிறோம். பிறகு வரும் ஏமாற்றத்துக்கெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

மூன்றாவது வாரம் கூழ், மசித்த உணவு என்று ஆரம்பிக்கும்போது தூக்கில் மறுபடி கொஞ்சம் அரிசி விழுகிறது. அதோடு தண்ணீரும் திரும்புகிறது. உள்ளே தையல் ஆறிக்கொண்டிருக்கும் திசுக்களும் நீர் கோத்து வைத்திருக்கும். மலச்சிக்கல் வேறு. இதற்கெல்லாம் அடியில் கொழுப்பு தன்பாட்டுக்குக் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்காவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். அவளுக்கு அப்போது 40 வயது, உயரம் 160 செ.மீ., ஆபரேஷன் அன்று எடை 120 கிலோ. மூன்றாவது வாரத்தில் அவள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழித்தது சுமார் 2,200 கலோரி. உள்ளே போனது 700. தினம் 1,500 கலோரி பற்றாக்குறை, ஐந்து நாளில் 7,500. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியென்றால் முள் அசையாத அந்த ஐந்து நாட்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பு கரைந்திருக்கிறது. ஒரு கிலோ தண்ணீர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்ததால் இயந்திரத்துக்கு அது தெரியவில்லை.

இதை அவளிடம் போனில் சொன்னபோது நம்பவில்லை. "கையில வளையல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "லூசா இருக்குடா." அதற்குப் பிறகுதான் புரோட்டீன் பானத்தைக் குடித்தாள். பதினோராவது நாள் முள் நகர்ந்தது. இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியது.

இதுவரை பார்த்தது: ஆபரேஷனுக்குப் பின் இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் வரும் தேக்கம் தண்ணீரின் விளையாட்டு. ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருந்துவிட்டுத் தானாகப் போகும். "உடைக்க" வேண்டியது எதுவும் இல்லை. கொடுத்த உணவு அட்டவணையை விடாமல் பின்பற்றுவது ஒன்றே வேலை.

எட்டாவது மாதம்: சுமை இறங்கிய லாரி

மணல் ஏற்றிய லாரி மலை ஏற அதிக டீசல் குடிக்கும். காலி லாரிக்குக் குறைவாகப் போதும். 120 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்கும் 95 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கும் அதே வித்தியாசம்தான். சும்மா படுத்திருக்கும்போதுகூடப் பெரிய உடம்புக்கு இதயம், சுவாசம், உடல் சூடு எல்லாவற்றுக்கும் கூடுதல் செலவு.

சும்மா இருக்கும்போதே உடம்பு செய்யும் இந்தச் செலவுக்கு அடிப்படை வளர்சிதை மாற்றம் என்று பெயர். உணவு ஆலோசகர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால், அக்காவுக்கு 120 கிலோவில் அது சுமார் 1,840 கலோரி. நடமாட்டத்தையும் சேர்த்தால் நாள் செலவு 2,400-ஐ நெருங்கும். எட்டாவது மாதம் 95 கிலோவுக்கு வந்தபோது நாள் செலவு 2,050. கேக், ஸ்வீட் எதையும் தொடாமலேயே அவள் கணக்கில் தினம் 350 கலோரி சுருங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், சாப்பாடு கூடியிருக்கிறது. கூடத்தான் வேண்டும். முதல் மாதம் 700 கலோரி உள்ளே போன இடத்தில் எட்டாவது மாதம் 1,300 போகிறது. வரவு மேலே வருகிறது, செலவு கீழே இறங்குகிறது, நடுவில் இருந்த இடைவெளி குறுகுகிறது.

உடம்பின் சிக்கனம்

இடைவெளி குறுக இன்னொரு காரணமும் உண்டு. சம்பளம் குறைந்த வீட்டில் அம்மா என்ன செய்வாள்? விளக்கை அணைப்பாள், ஆட்டோவை விட்டு பஸ்ஸில் போவாள், வாங்க நினைத்ததைத் தள்ளிப்போடுவாள். உணவு வரத்து குறையும்போது உடம்பும் இதையே செய்கிறது. எடை குறைந்ததற்கு ஏற்ற அளவைவிடவும் கூடுதலாகச் செலவைச் சுருக்குகிறது. இதை வளர்சிதை மாற்றத் தகவமைப்பு என்பார்கள். நான் சுருக்கமாகச் சிக்கனம் என்றே சொல்கிறேன்.

இது யாரும் கற்பனையில் சொன்னதல்ல. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி தாமாக முன்வந்த 36 இளைஞர்களை அரைப் பட்டினியில் இருக்க வைத்து ஆராய்ந்தார். 24 வாரங்களில் சராசரியாகக் கால்வாசி எடை போனது. ஆனால் அவர்களுடைய அடிப்படைச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் சுருங்கியிருந்தது. எப்போதும் குளிரெடுத்தது, எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. இன்னொன்றும் நடந்தது: கணுக்கால்கள் வீங்கின. உடம்பு நீர் கோத்துக்கொண்டது. பட்டினி இருந்தால் தேக்கம் உடையும் என்று நினைப்பவர்கள் அந்த வீங்கிய கால்களை நினைத்துப் பார்க்க வேண்டும். புரதம் போதாமல் போனாலும் உடம்பு நீர் கோக்கும். கொழுப்பும் தசையும் கரைந்துகொண்டிருக்க, முள் மட்டும் அப்படியே நிற்கும்.

அண்மைக் காலத்து உதாரணமும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் அளந்து பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தும், அவர்களுடைய அடிப்படைச் செலவு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல. கடுமையான பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் இளைத்தவர்கள். அந்த 500-ஐ அப்படியே எடுத்து நம்மேல் பொருத்தக் கூடாது. பசி ஹார்மோன்கள் மாறியிருப்பது ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இருக்கும் பெரிய அனுகூலம். ஆனால் சிக்கனம் என்ற ஒன்று நிஜம் என்பதை அந்த ஆய்வு அழுத்தமாகக் காட்டியது.

அக்காவுக்குச் சிக்கனத்துக்காக 150 கலோரி கழித்துக்கொள்வோம். செலவு 1,900, வரவு 1,300, இடைவெளி 600. மாதத்துக்கு 18,000 கலோரி, அதாவது இரண்டேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். வாரத்துக்கு அரைக் கிலோ. உப்பு கொஞ்சம் தூக்கலாகச் சாப்பிட்டாலோ மாதவிலக்கு நெருங்கினாலோ எடை ஒரு கிலோ ஏறி இறங்கும் உடம்பு இது. அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அரைக் கிலோ இறக்கம் எளிதில் ஒளிந்துகொள்ளும். இரண்டு வாரம் ஒரே எண் தெரிந்தால் அதற்குத் தேக்கம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை, அது மெதுவான இறக்கம்.

சுருக்கமாக: மாதங்கள் செல்லச் செல்ல இறக்கத்தின் வேகம் குறைய மூன்று காரணங்கள். உடம்பு இலேசாகிவிட்டதால் அதன் செலவு குறைகிறது, சிக்கனம் இன்னும் கொஞ்சம் குறைக்கிறது, சாப்பாடு மெல்லக் கூடுகிறது. ஆபரேஷன் தோற்றுப்போனதாக இதற்கு அர்த்தம் இல்லை.

கணக்கில் வராத கவளங்கள்

இனிச் சொல்லப்போவது மனதைச் சுடலாம். ஆனால் எட்டாவது மாதத்துக்கு மேல் வரும் உண்மையான தேக்கத்தில் மாற்றக்கூடிய விஷயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1992-ல் நியூயார்க்கில் ஸ்டீவன் லிக்ட்மன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், "நாளைக்கு 1,200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, எடை மட்டும் இறங்கவில்லை" என்று உறுதியாகச் சொன்னவர்களை அழைத்து நுட்பமாக அளந்தார்கள். அவர்களுடைய அடிப்படைச் செலவு இயல்பாகவே இருந்தது. ஆனால் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மனிதர்களுக்குச் சாப்பாட்டு ஞாபகம் அவ்வளவுதான். தட்டில் போட்டுச் சாப்பிட்டது நினைவிருக்கும். நின்றுகொண்டு வாயில் போட்டதும், குழந்தை மிச்சம் வைத்ததும், ருசி பார்த்ததும் நினைவில் தங்குவதில்லை.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன இரைப்பை கட்டுப்படுத்துவது கெட்டியான உணவைத்தான். இரண்டு துண்டு சிக்கனோ ஒரு முட்டையோ சாப்பிட்டால் நெஞ்சு வரை நிறைந்தது போல இருக்கும். டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், பாயசம், ஐஸ்கிரீம், மில்க் ஷேக் இவையெல்லாம் அங்கே நிற்பதே இல்லை. உமிழ்நீரில் கரைந்து குழைந்து சரசரவென்று கீழே இறங்கிவிடும். இவற்றை வழுக்கு உணவுகள் என்று சொல்லலாம். வயிறு நிறைந்த உணர்வே வராது, கலோரி மட்டும் முழுசாகச் சேரும். ஒரு கைப்பிடி மிக்சர் ஏறத்தாழ 150 கலோரி. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ ஒரு டம்ளர் சுமார் 100. நாளைக்கு மூன்று டீ, சாயந்திரம் ஒரு கைப்பிடி என்றால் 450. அக்காவின் 600 கலோரி இடைவெளியில் முக்கால் பங்கு இதிலேயே போய்விடும்.

சாப்பிட்டுக்கொண்டே தண்ணீர் குடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கெட்டியான உணவையும் கழுவிக் கீழே தள்ளிவிடும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று டிஸ்சார்ஜ் அன்று சொல்வது இதனால்தான். அதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடக் கூடாது. இடைவேளைகளில் சிறுகச் சிறுக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இன்னொரு பொறி இருக்கிறது: "மெத்துனு இருக்கு, ஒத்துக்குது" என்று இட்லி, தயிர் சாதம், இடியாப்பம், ரசம் சாதத்திலேயே நின்றுவிடுவது. முதல் மாதத்துக்கு அது சரி. ஒரு வருடத்துக்கு அதுவே உணவானால் மாவுச்சத்துதான் போகும், புரதம் போகாது. இரண்டு இட்லியில் கிடைப்பது 4 கிராம் அளவு புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு. சமைத்த சிக்கன் 100 கிராமில் 25-க்கு மேல். ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளைக்கு 60 முதல் 80 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

இரண்டாம் ஆண்டு: வந்து சேர்ந்த இடம்

மூன்றாவது வகைத் தேக்கம் ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் வருகிறது. வரவும் செலவும் சமமாகிவிட்டன. உடம்பு புதிய நிலைப்புள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

1987-ல் சுவீடனில் ஆரம்பித்த ஓர் ஆய்வு, உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்து ஆண்டு முடிவில் அது 25 சதவீதத்தில் நின்றது. கொஞ்சம் திரும்பி ஏறியது, ஆனால் பெரும்பகுதி போனது போனதுதான். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பும் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது.

இந்தச் சதவீதத்தை ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொருவரும் தன் எடையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. 120 கிலோவில் கால் பங்கு 30 கிலோ. அதாவது 90 கிலோ சராசரியான, நல்ல பலன். ஆனால் மனதில் 60 கிலோ என்று எழுதிவைத்துக்கொண்டு உள்ளே போனவருக்கு 90-ல் நிற்பது தோல்வியாகத் தெரியும். அக்கா 88-ல் நின்றாள். சர்க்கரை மாத்திரை பாதியானது, படுத்தால் மூச்சு முட்டுவது போனது. இருந்தும் ஒரு கல்யாண வீட்டில் யாரோ "ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதானா?" என்று கேட்டதில் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல், தலைமுடி கொட்டி, ரத்தம் குறைந்து போனாள். அந்த மூன்று மாதத்தில் எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை. இழந்ததெல்லாம் தெம்புதான்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "எப்படி உடைப்பது?" என்பதற்கு முன்னால், "இது உடைக்க வேண்டிய தேக்கமா?" என்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, முழங்கால் வலி, தூக்கம் எல்லாம் சீராகி, எடையும் நிலையாக இருந்தால், அந்த எடையைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. சீராகவில்லை என்றாலோ, எதிர்பார்த்த அளவில் பாதிகூட இறங்காமல் ஆறாவது மாதத்திலேயே நின்றுவிட்டாலோ, காரணத்தைத் தேட வேண்டும்.

தேடும் முன் அளப்போம்

தினமும் எடை பார்ப்பதை நிறுத்தச் சொல்வேன். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடும் முன். அதோடு மாதம் இரு முறை தொப்புளுக்கு நேராக இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து பழைய காலண்டரிலேயே எழுதி வைத்தால் போதும். எடையும் சுற்றளவும் இரண்டுமே நான்கு வாரம் நகரவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று நான் ஏற்பேன்.

அப்படியானால் முதலில் ஏழு நாள், வாயில் போடும் ஒவ்வொன்றையும் அப்போதே எழுதுங்கள். ராத்திரி நினைத்து எழுதினால் பயனில்லை. யாரிடமும் காட்ட வேண்டாம், உங்களுக்காக மட்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த ஏழு நாளிலேயே விடை கிடைத்துவிடும். பிறகு தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டு, காய்கறியை அடுத்து, சாதத்தைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். வயிற்றில் இடம் குறைவு, முதலில் போனதுதான் நிற்கும்.

உடற்பயிற்சி பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 85, 90 கிலோ உள்ளவர் முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது 200 கலோரி சொச்சம்தான். நடையால் மட்டும் தேக்கம் உடையாது. ஆனால் இழக்கும் எடையில் ஒரு பகுதி, சிலருக்குக் கால் பங்குவரைகூட, கொழுப்பல்லாத திசுவாகப் போகிறது. அதில் தசை இருக்கிறது. தசை குறைந்தால் படுத்திருக்கும்போது ஆகும் செலவும் குறையும். ஆகவே நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது இவற்றில் ஆரம்பிக்கலாம். பளு தூக்குவதை மட்டும் அறுவை நிபுணர் சரி என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும். புதிதாக ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தசைகள் நீர் கோத்து எடை கொஞ்சம் ஏறக்கூடும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

"ஐந்து நாள் திரவ உணவு இருந்தால் இரைப்பை பழையபடி சுருங்கிவிடும்" என்று ஒரு முறை சுற்றி வருகிறது. இரைப்பை தசையால் ஆனது, திரவம் குடித்து அதைச் சுருக்க முடியாது. அந்த ஐந்து நாளில் இறங்குவது நாம் முன்பு பார்த்த ஊறிய அரிசியின் தண்ணீர். ஆறாம் நாள் திரும்பி வரும்.

டாக்டரிடம் போக வேண்டிய தேக்கங்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் எடை நகரவில்லை என்றால் காரணம் வேறெங்காவது இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவு அவற்றில் ஒன்று. சில மருந்துகள் எடையைக் கூட்டும்: ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள். எடை இறங்கிய பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மருந்து போட்டால் சர்க்கரை தாழ்ந்து, அதைச் சரிக்கட்ட இனிப்பு சாப்பிட வேண்டி வரும். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டி "இதில் மாற்று உண்டா?" என்று கேளுங்கள்.

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையும்போது நின்றுபோன மாதவிலக்கு சீராகும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆபரேஷனுக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரிடம் வேறு வழி கேட்க வேண்டும். எடை இறங்காமல் நின்று, நாளும் தள்ளிப்போனால் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

உடல் அமைப்பிலும் காரணம் இருக்கலாம். ஸ்லீவ் குழாய் நாளடைவில் விரியலாம். பைபாஸில் சிறு பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே புதிதாக ஒரு வழி திறந்துகொள்வதும் உண்டு. முன்பு அரை டம்ளரில் நிறைந்த வயிறு இப்போது கெட்டியான சாப்பாட்டிலும் நிறையவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். எண்டோஸ்கோபியிலோ, மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயிலோ தெரிந்துவிடும். இப்போது செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகளும் இருக்கின்றன. முன்னால் சொன்ன ஜி.எல்.பி-1 ஹார்மோனின் வேலையைச் செய்பவை அவை. ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றவர்களுக்கும் ஏறியவர்களுக்கும் மருத்துவர்கள் இவற்றைக் கொடுக்கிறார்கள். மறு அறுவை சிகிச்சையும் ஒரு வழி, ஆனால் முதல் முறையைவிடச் சிக்கல் அதிகம் என்பதால் கடைசியில்தான் அதை யோசிப்பார்கள்.

தேக்கத்தோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டிய அறிகுறிகள் சில: வாந்தி நிற்காமல் தொடர்வது, நடக்கும்போது தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது, கடுமையான வயிற்று வலி. தொடர்ந்த வாந்தியில் வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், நாள் கடத்தினால் அது நிரந்தரமாகவும் ஆகலாம். கால் வீக்கம் இருந்தால் அதையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

ஒரு வருடம் ஆனதும் பலரும் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். எடை நின்றுவிட்டதே, என்ன முகத்தோடு போவது என்ற கூச்சம். அக்காவும் ஒன்றரை ஆண்டு போகவில்லை. கடைசியில் போனபோது ரத்தத்தில் இரும்பும் பி12-ம் அடிமட்டத்தில் இருந்தன. அவளுடைய அசதிக்கும், நடையை நிறுத்தியதற்கும், சாயந்திரம் பிஸ்கட்டைத் தேடியதற்கும் அதில் பாதிக் காரணம் இருந்தது. போகும்போது ஆபரேஷன் ஃபைல், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், எடையும் சுற்றளவும் குறித்த காலண்டர், அந்த ஏழு நாள் நோட்டு, நான்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.